சாஸ்திரத்துக்கு ஒரு படி

எங்கள் பக்கத்தில் வாடகை வீட்டுக்கு விளம்பரம் எழுதுகிறவர்கள் பொய் சொல்வதில்லை. உண்மையைத் தங்களுக்குத் தோதான பாஷையில் சொல்வார்கள், அவ்வளவுதான். 'மெயின் ரோட்டுக்கு மிக அருகில்' என்று இருந்தால் கன்டெய்னர் லாரியின் ஹாரன் தலைமாட்டில் அடிக்கும். 'அமைதியான சூழல்' என்றால் ஷேர் ஆட்டோ வராது. 'தண்ணீர்ப் பஞ்சமே இல்லை' என்றால் ஐப்பசி கார்த்திகையில் அது தானாகவே வீட்டுக்குள் வரும். இதையெல்லாம் நான் சீக்கிரமே கற்றுக்கொண்டேன். புரிந்துகொள்ள நாளான ஒரே வார்த்தை 'கிரவுண்ட் ஃப்ளோர்'.

கிரவுண்ட் ஃப்ளோர் என்றால் வீடு தரையில் இருக்கும் என்று நினைத்தது என் அறியாமை. ஒரகடம், படப்பை வட்டாரத்தில் தரையில் வீடு கட்டுகிறவன் ஏமாளி. பழைய ரோட்டைச் சுரண்டாமல் அதன் தலையிலேயே புது ரோடு போடுவார்கள். ரோடு வளரும், வீடு குட்டையாகும். அதனால் இப்போது கட்டுகிறவர்கள் பேரன் காலத்து ரோட்டுக்கும் சேர்த்து இன்றைக்கே மேடை எழுப்பி, அதன் மேல் வீட்டைக் கட்டி, வாசலில் கிரானைட் படி வைத்துவிடுகிறார்கள். அந்தப் படிகளுக்கு மேலே இருப்பதற்குப் பெயர்தான் கிரவுண்ட் ஃப்ளோர்.

நான் சக்கர நாற்காலியில் இருக்கிறவள். இளம்பிள்ளை வாதம் வந்தபோது எனக்கு நடக்கத் தெரிந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தனவாம். நடந்தது எனக்கு ஞாபகமில்லை. அதனால் அதை நினைத்து நான் ஏங்கியதும் இல்லை. அந்த வேலையை எனக்காக ஊரே பார்த்துக்கொள்கிறது. ரோட்டில் போக சைடு வீல் வைத்த ஸ்கூட்டர் இருக்கிறது. ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் பர்ச்சேஸ் பிரிவில் வேலை. போல்ட்டும் வாஷரும் நேரத்துக்கு லைனுக்கு வந்து சேர வேண்டும் என்று சப்ளையர்களை போனில் மிரட்டுவது என் தொழில். நன்றாகவே மிரட்டுவேன்.

கம்பெனியில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வெளிநாட்டிலிருந்து தணிக்கைக்கு வருகிறவர்கள் கேட்பார்கள் என்பதற்காக கேட்டிலிருந்து கேன்டீன் வரை சரிவுப் பாதை போட்டிருக்கிறார்கள். அந்தத் தணிக்கையாளர்கள் பாதையைப் பார்ப்பார்கள், டிக் அடிப்பார்கள், போய்விடுவார்கள். நடுவில் நானும் அதன் மேல் போய்க்கொண்டிருந்தேன். கம்பெனி கேட்டுக்கு உள்ளே நான் ஊழியர். கேட்டைத் தாண்டினால் சரக்கு.

சரக்கு இறங்குகிற இடம் மறைமலை நகரில் அக்கா வீடு. அக்கா வீட்டுக்காரரை நான் மாமா என்று கூப்பிடுவேன். மாமா நல்லவர். அதுதான் பிரச்சினையே, கெட்டவராக இருந்தால் சண்டை போட்டுவிட்டு எப்போதோ வெளியே வந்திருப்பேன். வீட்டுக்கு மேலே ஒரு மாடி கட்டினார்கள். கீழ்த்தளத்தை ஒரு கம்பெனி தன் இன்ஜினியர்களைத் தங்கவைக்க வாடகைக்குக் கேட்டது. கொடுத்துவிட்டு எல்லோரும் மேலே குடிபோனோம். "மேல காத்து பிச்சிகினு வருது பாரு" என்றாள் அக்கா. வந்தது. நான் அந்தக் காற்றோடு காற்றாக மேலேயே இருந்துவிட்டால் எல்லோருக்கும் வசதியாக இருந்திருக்கும். ஆனால் எனக்கு வேலை இருந்தது. காலையில் மாமாவும் எதிர்வீட்டுக்காரரும் என்னை ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்துத் தூக்கிக்கொண்டு இறங்குவார்கள். சாயங்காலம் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். சாமி புறப்பாடு மாதிரிதான். சாமிக்கு மேளமாவது உண்டு.

அப்படியே ஓட்டியிருப்பேனோ என்னவோ. மாமாவுக்கு முதுகுவலி வந்தது. அதோடு அவர் கம்பெனியில் அவரை முதல் ஷிஃப்டுக்கு மாற்றினார்கள். அடுத்த மாதத்திலிருந்து நான் கிளம்புகிற நேரத்தில் அவர் வீட்டில் இருக்க மாட்டார். எதிர்வீட்டுக்காரர் தனியாளாகத் தூக்க நான் ஒன்றும் காஸ் சிலிண்டர் இல்லை.

அக்கா ரொம்பப் பிரியமாகச் சொன்னாள்: "வேலைய வுட்டுடேன்டி. இங்க உனக்கு இன்னா கொற? ஒரு வாய் சோறு போட மாட்டனா நானு?"

அந்தப் பிரியம்தான் எனக்குப் பயம். போடுவாள். தட்டில் போட்டு, கையில் கொடுத்து, சாப்பிட்டாயா என்று இரண்டு தடவை கேட்பாள். ஜன்னல் ஓரமாக நான் உட்கார்ந்து, கீழே போகிற பால்காரனையும் தபால்காரனையும் பார்த்துக்கொண்டே கிழவியாகிவிடலாம். வேலைக்குப் போக வேண்டுமென்றால் யாரும் தூக்காமல் நானே வெளியே போய், நானே உள்ளே வருகிற ஒரு வீடு வேண்டும். அதற்கு ஒரு மாதம்கூட இல்லை.

வாட்ஸாப்பில் வாடகை வீட்டுக்கென்றே ஒரு குழு இருந்தது. அதில் வந்த நம்பருக்கெல்லாம் போன் போட்டேன்.

"வீட்டுக்குப் படி இருக்குங்களா?"

"படியா? செம்மயா கீது மேடம். ஃபுல் கிரானைட்டு, சைடுல ஸ்டீல் கைப்புடி. படிய பாத்துதான் போன பார்ட்டி வூட்டயே புடிச்சாங்கோ."

"இல்லைங்க, எனக்குப் படி இல்லாத வீடு வேணும்."

 அவர் உண்மையான கவலையோடு கேட்டார்: "படி இல்லாம எப்டி மேடம் உள்ள போவீங்கோ?"

இன்னொருவர் என் நிலைமையைப் பொறுமையாக முழுதும் கேட்டார். கேட்டுவிட்டு, இரண்டாவது மாடியில் ஒரு வீடு இருப்பதாகச் சொன்னார். நான் பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடியும் விளக்கினேன். "உங்களுக்குத்தான் நடக்கவே தேவையில்லியேம்மா. மேல இருந்தா இன்னா, கீழ இருந்தா இன்னா?" என்றார். அந்தத் தர்க்கத்தில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று இன்றுவரை தேடிக்கொண்டிருக்கிறேன்.

படப்பையில் ஒரு வீட்டுக்கு 'ரேம்ப் வசதி உண்டு' என்று போட்டிருந்தது. வேலைக்கு அரைநாள் லீவு போட்டுவிட்டு ஓடினேன். ரேம்ப் இருந்தது. படிகளின் ஓரத்தில், பைக்கை வீட்டுக்குள் ஏற்றுவதற்காக, ஒரு சக்கரத்துக்கு மட்டும் ஏற்ற அகலத்தில், பலகையைச் சுவரில் சாய்த்துவைத்தது போல் ஒரு சிமென்ட் சரிவு. வீட்டுக்காரர் பெருமையோடு சொன்னார்: "புல்லட்டே சும்மா சல்லுனு ஏறும்மா." ஏறும். என் நாற்காலிக்கு இன்ஜின் இல்லாததுதான் குறை.

சரி, அவர்கள் விளம்பரத்தை நம்பி என்ன பிரயோஜனம், நாமே ஒரு விளம்பரம் போடலாம் என்று குழுவில் எழுதினேன். 'சக்கர நாற்காலி உள்ளே வந்து போகிற வீடு வாடகைக்குத் தேவை. வாசலில் படி கூடாது. பாத்ரூம் கதவு அகலமாக இருக்க வேண்டும்.' இதைவிடத் தெளிவாக எழுத எனக்குத் தெரியாது. வந்த முதல் பதில்: சக்கர நாற்காலி வாடகைக்குக் கிடைக்கும், நேரில் கொண்டுவந்து தரப்படும். அடுத்ததாக ஒருவர் கும்பிடுகிற கை படம் அனுப்பியிருந்தார். அவரைத் தொடர்ந்து இன்னும் பலர் கும்பிட்டார்கள். வீடு கேட்டவளுக்கு ஊர் கூடிக் கோயில் கட்டிவிடும் போலிருந்தது. கட்டினால் அதற்கும் படி வைப்பார்கள்.

அந்தக் கும்பிடு கூட்டத்தில் ஒரே ஒரு ஆள் தொழிலாகப் பேசினார். படப்பையில் ஜெராக்ஸ் கடையோடு வீட்டுத் தரகும் பார்க்கிறவர். "மேடம், உங்க ஆளுங்களுக்குன்னு தனியா ஒரு மார்க்கெட்டே கீது. எவனும் யோசிக்கல" என்றார். மார்க்கெட் என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தெய்வக் குழந்தை என்று கூப்பிடுகிறவர்களுக்கு நடுவே என்னை வாடிக்கையாளர் என்று ஒருவர் நினைத்தார்.

அவர் பிடித்துக்கொண்டு வந்த வீட்டுக்காரர் மண்ணூர்ப் பக்கம் வரிசையாக நான்கு போர்ஷன் கட்டிக்கொண்டிருந்தார். பெரிய தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து விருப்ப ஓய்வு வாங்கியவர். வேலை முடிகிற கட்டத்தில் இருந்தது, வாசல் மட்டும் பாக்கி. நான் ஸ்கூட்டரில் உட்கார்ந்தபடியே அவரிடம் சொன்னேன்: ஒரு அடி உயரம் ஏறுவதற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும், அதற்குக் குறைந்தால் கை வலிக்கும், இன்னும் குறைந்தால் நாற்காலி பின்னால் கவிழும். ஃபோர்மேனுக்கு அளவு என்று சொன்னால் போதும், கண்ணில் ஒரு மரியாதை வந்துவிடுகிறது. பாத்ரூம் கதவையும் என் நாற்காலியின் அகலத்தைக் கேட்டு மாற்றினார். "நீ ஒன்னும் கவலப்படாதம்மா. புண்ணியம் உனக்கு இல்ல, எனக்கு" என்றார். அந்தக் கணக்கும் சரியாகத்தான் இருந்தது.

அடுத்த வாரம் ரோட்டு முனையில் ஒரு ஃப்ளெக்ஸ் பேனர் எழுந்தது. 'தெய்வக் குழந்தைகளுக்கான சிறப்பு இல்லம்' என்று கொட்டை எழுத்தில். ஒரு ஓரத்தில் வீட்டுக்காரர் கை கூப்பியிருந்தார். இன்னொரு ஓரத்தில் சக்கர நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர், கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்க, பின்னால் நர்ஸ் தள்ளிக்கொண்டிருந்தார். அந்தத் தெய்வக் குழந்தையைப் பார்த்த பிறகு எனக்கு வயது குறைந்த மாதிரி இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை பால் காய்ச்ச நாள் குறித்தார்கள். முதல் குடித்தனம் நான்தான். அக்காவும் மாமாவும் வந்தார்கள். அக்கா பட்டுப்புடவை கட்டியிருந்தாள். எனக்குக் கல்யாணம் நடந்திருந்தால்கூட அவ்வளவு மினுக்கியிருப்பாளா தெரியாது. மாமா ஸ்கூட்டரிலிருந்து என் நாற்காலியை இறக்கி விரித்தார். சரிவுப் பாதையைப் பார்த்தேன். சொன்ன அளவு, சொன்ன நீளம், சொரசொரப்பான டைல்ஸ். உண்மையாகவே எனக்குக் கண் கலங்கிவிட்டது. என் வாழ்க்கையில் என் ஒருத்தியின் அளவைக் கேட்டு யாரும் எதையும் கட்டியதில்லை. சக்கரத்தைத் தள்ளி ஏற ஆரம்பித்தேன். மூச்சு வாங்காமல், யாரையும் பிடிக்காமல், நேராக மேலே போனேன்.

பாதை முடிகிற இடத்தில், வாசலை ஒட்டி, ஒரு படி இருந்தது.

ஒரு சாண் உயரம். கறுப்பு கிரானைட். மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, மேலே குட்டியாக ஒரு கோலம்.

நான் திரும்பி வீட்டுக்காரரைப் பார்த்தேன். அவர் பேனரில் இருந்தது போலவே சிரித்துக்கொண்டிருந்தார்.

"இது என்னங்க?"

"அதாம்மா வாசப்படி."

"படி வேணாம்னுதானே இவ்ளோ நீளத்துக்கு இதைப் போட்டீங்க?"

"ஒன்னே ஒன்னுதாம்மா. மேஸ்திரி மூணு வெக்கணும்னு ஒத்தக்கால்ல நின்னாரு. நான்தான் உனக்கோசரம் அவராண்ட சண்ட போட்டு ஒன்னாக்கினேன்."

பக்கத்தில் நின்ற மேஸ்திரி அதை ஒரு தியாகம் போலத் தலையாட்டி ஒப்புக்கொண்டார். வாசல் என்று இருந்தால் படி ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், லாபம், நஷ்டம், லாபம் என்று எண்ணி லாபத்தில் ஏறி உள்ளே போக வேண்டும், அதுதான் சாஸ்திரம் என்று எனக்கு விளக்கினார். சரிவுப் பாதையில் படி பூஜ்யம். பூஜ்யம் ஒற்றைப்படையில் சேராது. ஆகவே குறைந்தபட்சம் ஒன்று. கணக்கில் ஒரு தப்பும் இல்லை. சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டார் என்பார்கள். இங்கே பூசாரி கையில் சிமென்ட் கரண்டி இருந்தது.

எனக்கு வந்த கோபத்துக்கு அங்கேயே இரண்டு பேரையும் சப்ளையர்களாக நினைத்துப் பேசியிருப்பேன். அக்கா என் தோளைக் கிள்ளினாள். "நல்ல நாளும் அதுவுமா வாய வெச்சிகினு சும்மா இரேன்டி." வீட்டுக்காரரும், இன்றைக்கு நல்ல நேரம் போய்விடும், அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்றார். மாமா முதுகைப் பிடித்துக்கொண்டு ஒரு பக்கம், மேஸ்திரி ஒரு பக்கம். தூக்கினார்கள். லாபத்தில்தான் வைத்தார்கள்.

இதற்கு நடுவில் தரகர் செல்போனில் படம் பிடித்துக்கொண்டிருந்ததை நான் சரியாகக் கவனிக்கவில்லை. சாயங்காலம் குழுவில் வீடியோ வந்தது. நான் சரிவில் ஏறுகிறேன், முகமெல்லாம் சிரிப்பு, கண்ணில் தண்ணீர்கூடத் தெரிகிறது. அடுத்த காட்சியில் அடுப்பங்கரையில் பால் பொங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நடுவில் என்னைத் தூக்கியது இல்லை. கீழே எழுத்து ஓடியது: 'யார் துணையும் இன்றி!' பின்னணியில் புல்லாங்குழல். தொடர்புக்கு என்று கடைசியில் என் நம்பர்.

தரகரைக் கூப்பிட்டேன். "எதுக்குங்க என் நம்பரைப் போட்டீங்க?"

"மேடம், மாற்றுத்திறனாளிங்க மாற்றுத்திறனாளியாண்ட பேசினா ஒரு நம்பிக்க வரும் இல்ல? மீதி மூணு போர்ஷனும் சும்மா பறந்துரும் பாருங்கோ."

வீடியோ எங்கெங்கோ போனது. கம்பெனி கேன்டீனில் என்னைப் பார்த்து எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் சாப்பாட்டுத் தட்டோடு சாம்பார் வாங்கப் போய்க்கொண்டிருந்தேன். வீட்டுக்காரருக்கு ஒரு சங்கத்தில் சால்வை போர்த்தினார்கள். நான் இன்னும் மறைமலை நகர் மாடியில்தான் இருந்தேன். அந்தப் படி இருக்கும்வரை அங்கே குடிபோனால், ஒரு மாடியிலிருந்து தூக்குவதற்குப் பதிலாக ஒரு படியிலிருந்து தூக்க ஆள் தேட வேண்டும். தூக்குகிற ஆளுக்குத்தான் அதில் வித்தியாசம், எனக்கு ஒன்றுமில்லை.

போன்கள் வர ஆரம்பித்தன. வாலாஜாபாத்திலிருந்து ஒருவர், தாம்பரத்திலிருந்து ஒரு பெண். தப்பிக்கும்படியாக ஏதோ சொல்லி வைத்தேன், வீட்டுக்காரரையே கேளுங்கள் என்று. நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ ஒரு அம்மா பேசினார். குரலைக் கேட்டாலே தெரிந்தது, திருநெல்வேலிப் பக்கம்.

"எம்மா, வீடியோவ பாத்தேன். எம் மவனும் ஒங்கள மாதிரிதான், வீல் சேருதான். அங்கன ஏதோ பேட்டரி கம்பெனில வேல கெடச்சிருக்கு. தனியா எப்படி இருப்பான்னு ஒரே ரோசனையா இருந்துச்சு. ஒங்களப் பாத்த பெறவுதான் தைரியம் வந்துச்சு. அந்த வாசல்ல நீங்க தனியாத்தான் ஏறி எறங்குதியளா?"

என் தொழிலில் இதைவிடப் பெரிய பொய்களை நான் அனாயாசமாகச் சொல்லியிருக்கிறேன். அவரிடம் வரவில்லை.

"இல்லம்மா. வாசல்ல ஒரு படி இருக்கு. ரெண்டு பேர் தூக்கிவிட்டாங்க."

 அந்த அம்மா கோபமே இல்லாமல் சொன்னார்: "அப்பம் வேண்டாம்மா. தூக்கிவிடுததுக்கு இங்க நானே இருக்கம்லா."

போனை வைத்த பிறகும் அந்தக் குரல் காதிலேயே இருந்தது. அதன் பிறகு வந்த எல்லோரிடமும் முதல் வரியிலேயே படியைச் சொன்னேன். வாலாஜாபாத்துக்காரரையும் தாம்பரத்துப் பெண்ணையும் நானே கூப்பிட்டுச் சொன்னேன். இரண்டே நாளில் சமாச்சாரம் வீட்டுக்காரர் காதுக்குப் போனது.

"வெளம்பரத்துக்கே வேட்டு வெச்சிட்டியேம்மா" என்றார் போனில். குரலில் நிஜமான வலி. "ஒரு படி. ஒரே ஒரு படி. அதுக்கு ஊரெல்லாம் தண்டோரா போடுறியே. நாலு பேரு நல்லது செய்ய வந்தா இப்டித்தான் ஓட்டிவுடுவீங்களா? உனக்கு வூடு வேணுமா, வேணாமா?"

வேண்டும். மாமாவின் ஷிஃப்ட் மாறுவதற்கு ஒரு வாரம்கூட இல்லை. அக்கா என் துணிகளை அலமாரியில் மறுபடி ஒழுங்காக அடுக்க ஆரம்பித்திருந்தாள். அவளுக்கு முடிவு தெரிந்துவிட்டது. மானேஜர் கேள்விப்பட்டு என்னைக் கூப்பிட்டு, ராஜினாமா என்றால் அனுபவச் சான்றிதழ் நல்லபடியாகத் தருவதாக அன்போடு சொன்னார். என்னைச் சுற்றி எல்லோரும் நல்லவர்களாக இருந்ததில் எனக்கு மூச்சு முட்டியது.

சனிக்கிழமை மண்ணூருக்குப் போனேன். சண்டை போடத்தான். வீட்டுக்காரரும் அவர் மனைவியும் முதல் போர்ஷன் வாசலில் நின்றிருந்தார்கள். நான் ஸ்கூட்டரை விட்டு இறங்காமலே பேசினேன். படியை உடைக்கச் சொன்னேன். கிரகப்பிரவேசம் ஆகி வருஷம் திரும்புவதற்குள் வாசல்படியில் உளி வைக்கக் கூடாது என்றார் அந்த அம்மாள். "பொண்ணுக்கு வரன் பாத்துகினு கீறோம். நாளைக்கு ஒன்னு ஆச்சின்னா நீயா வந்து பதில் சொல்லுவ?" சொல்ல முடியாதுதான். ஒரு பெண்ணின் கல்யாணம் ஒரு பக்கம், இன்னொரு பெண்ணின் வேலை ஒரு பக்கம். நடுவில் ஒரு சாண் கிரானைட்.

அப்போது வீட்டுக்குப் பின்னாலிருந்து கடகடவென்று இரும்பு உருளுகிற சத்தம் கேட்டது. அந்தப் போர்ஷனுக்குச் சொல்லிவைத்திருந்த காஸ் சிலிண்டர் வந்திருந்தது. சத்தம் பின்தெருவில் ஆரம்பித்து, நிற்காமல், எங்கேயும் 'டொம்' என்று விழாமல், தூக்குகிற ஆள் மூச்சைப் பிடிக்காமல், அப்படியே வீட்டுக்குள் போய் அடுப்பங்கரையில் நின்றது. சிலிண்டரை யாரும் தூக்கவில்லை.

பேச்சைப் பாதியில் விட்டுவிட்டு ஸ்கூட்டரைத் திருப்பிப் பின்தெருவுக்குப் போனேன். வீட்டுக்காரர் பின்னாலேயே ஓடிவந்தார். "அங்க போவாதம்மா, அங்க ஒன்னும் இல்ல, அது கொல்ல வழி."

பின் வாசலுக்கு முன்னால் புது சிமென்ட் ரோடு. வீடு கட்டிக்கொண்டிருக்கும்போதே பழைய ரோட்டின் மேல் ஏற்றிப் போட்டதாம். அவர் ஒற்றைப்படையில் வைத்திருந்த மூன்று படிகளையும் லாப நஷ்டம் பார்க்காமல் ரோடு விழுங்கிவிட்டது. இப்போது ரோடும் வீட்டுத் தரையும் ஒரே மட்டம். பின் வாசல்தானே என்று பிளாஸ்டிக் கதவு மாட்டியிருந்தார்கள். அதற்குக் கீழ்ச்சட்டம்கூட இல்லை.

"பாத்தியா கோலத்த" என்றார் வீட்டுக்காரர். அவமானத்தில் குரல் தேய்ந்திருந்தது. "போற வர்ற நாய்ல்லாம் உள்ள பூருது. மழ பேஞ்சா தண்ணி. இத்த மறைக்கத்தான் வீடியோல இந்தப் பக்கமே காட்ட வேணாம்னேன்."

நான் சிரித்தேன். நெடுநாளைக்குப் பிறகு வயிறு வலிக்கச் சிரித்தேன். எனக்காக அளந்து, டைல்ஸ் பதித்து, பேனர் வைத்து, புல்லாங்குழல் வாசித்துக் கட்டியதில் என்னால் போக முடியவில்லை. யாருக்காகவும் கட்டாமல், எவனோ ஒரு கான்ட்ராக்டர் கணக்குக் காட்டப் போட்ட ரோட்டில் என் வழி இருந்தது. அதைத்தான் அவர் வெட்கப்பட்டு ஒளித்துவைத்திருந்தார்.

"முன் வாசல் உங்களுக்கே இருக்கட்டும். படியும் இருக்கட்டும். எனக்கு இது போதும்" என்றேன்.

அவர் பதறிவிட்டார். "குடித்தனம் வர்ற பொண்ணு கொல்லப்பக்கமா வர்றதா? குப்ப வண்டி வர்ற வழிம்மா அது. ஊரு இன்னா பேசும்?"

"ஊர் என்னைத் தூக்கிவிட வரப்போறதில்லைங்க."

அவர் மனைவி வீட்டுக்குள் புகுந்து பின் கதவுக்கு வந்திருந்தார். "வரட்டுமே" என்றார் கடைசியில். "லட்சுமி முன்னால வரட்டும், இந்தப் பொண்ணு பின்னால வரட்டும். ரெண்டு பேருக்கும் தகராறு இல்ல." அதோடு பேச்சு முடிந்தது. வீட்டில் யார் ஃபோர்மேன் என்பதும் தெரிந்தது.

மீதிப் போர்ஷன்களுக்கு நானே புதிதாக ஒரு விளம்பரம் எழுதிக் கொடுத்தேன். 'பின் வாசல் ரோட்டுக்குச் சமமட்டம். படி இல்லை. சக்கர நாற்காலி தடையில்லாமல் போகும். மழைக்குக் கொஞ்சம் தண்ணீர் வரும்.' தரகர் படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். "கொல்லைய பத்தி எவனாவது வெளம்பரம் போடுவானா மேடம்?" என்றார். போடவில்லை. பேனரில் வெள்ளைக்காரத் தாத்தாவுக்கு இன்னும் குளுக்கோஸ் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. முன்பக்கச் சரிவுப் பாதையில் பக்கத்துப் போர்ஷன்காரர்கள் பைக் நிறுத்துகிறார்கள். திருநெல்வேலி அம்மாவைக் கூப்பிட்டுப் பின் வாசலைப் பற்றிச் சொன்னேன். மகனிடம் கேட்டுச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை.

நான் குடிபோன ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்து பாத்திரங்களை அடுக்கிக் கொடுத்தாள். "கொல்லப் பக்கமாவாடி போவ, வருவ?" என்று இரண்டு தடவை கேட்டு, இரண்டு தடவையும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். சாயங்காலம் மாமாவோடு கிளம்பிப் போய்விட்டாள்.

மறுநாள் காலையில் டிபன் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, சக்கரத்தைத் தள்ளிக்கொண்டு நான் வெளியே வந்தேன். ரோட்டுக்கு வந்து, கதவைப் பார்க்க நாற்காலியைத் திருப்பி, அப்படியே நின்றேன். ஏதோ ஒன்று இன்னும் நடக்க வேண்டியிருந்தது, அது நடக்கவில்லை. எதற்காகக் காத்திருக்கிறேன் என்பதே எனக்குக் கொஞ்ச நேரம் புரியவில்லை. நான் வெளியே போகிறபோதெல்லாம் எனக்குப் பின்னால் யாராவது கதவைச் சாத்துவார்கள். இத்தனை வயதுக்கு நான் ஒரு வீட்டை வெளியிலிருந்து பூட்டியதே இல்லை.

அக்கா வாங்கி வைத்துவிட்டுப் போன பூட்டு உள்ளே ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது. மறுபடி உள்ளே போய் எடுத்து வந்தேன். கதவைச் சாத்தி, கொண்டியைப் போட்டு, பூட்டை மாட்டி அழுத்தினேன். எல்லோரும் செய்வது போல ஒரு தடவை இழுத்துப் பார்த்தேன். நன்றாகத்தான் பூட்டியிருந்தது. இருந்தாலும் இன்னொரு தடவை இழுத்துப் பார்த்தேன்.